சிப்பாயின் காதலுக்குத் தடையில்லாச் சான்று



இது எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றிய கட்டுரை. இந்திய ராணுவத்தில் இருக்கும் தன்பாலீர்ப்பாளர்களைத் திரைப்படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டால், இந்த நாடு வைத்திருக்கும் ஒரே விடை அந்த எடுக்கப்படாத படம்தான். காட்டுவதில்லை. காட்டவும் விடுவதில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேஜர் ஜே. சுரேஷ் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் பணியாற்றி 2010-ல் விலகியவர். 2020-ல் தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக எழுதினார், தொலைக்காட்சிக்கும் பேட்டி கொடுத்தார். அவர் வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்று இயக்குநர் ஓனிர் ஒரு திரைக்கதை எழுதினார். ஓனிர் ஏதோ நேற்று கேமரா தூக்கியவர் அல்ல. அவருடைய 'ஐ ஆம்' சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதன் தொடர்ச்சியாக அவர் திட்டமிட்ட 'வி ஆர்' படத்தில்தான் இந்த ராணுவ அதிகாரியின் கதை வருகிறது. 2021 டிசம்பரில் திரைக்கதையை அனுப்பித் தடையில்லாச் சான்று கேட்டார். 2022 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள்.

மக்களவையில் இதைக் கேள்வியாக எழுப்பியவர் அன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர் வருண் காந்தி. பிப்ரவரியில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் அஜய் பட் பதில் கொடுத்தார். காஷ்மீரில் பணியிலிருக்கும் ராணுவ வீரருக்கும் உள்ளூர் இளைஞனுக்கும் காதல் என்று காட்டுவது ராணுவத்தைத் தாழ்வாகக் காட்டுகிறது, பாதுகாப்புச் சிக்கலையும் எழுப்புகிறது என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

தாழ்வாகக் காட்டுகிறது. இந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். யார் யாரைத் தொட்டால் யார் தாழ்ந்துபோவார்கள் என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. இந்தக் கணக்கை நம் தெருவில் வைத்துத்தான் போட்டுப் பழகினார்கள்.

யாருடைய மானம்?

ராணுவத்தைப் பற்றிப் படம் எடுத்தால் முன்கூட்டியே பாதுகாப்பு அமைச்சகத்திடம் சான்று வாங்க வேண்டும் என்ற வழக்கம் எப்படி இறுகியது என்று பாருங்கள். 2020 ஜூலையில் அமைச்சகம் திரைப்படத் தணிக்கை வாரியத்துக்கும் மற்ற துறைகளுக்கும் கடிதம் எழுதியது. படமோ, ஆவணப்படமோ, இணையத் தொடரோ, ராணுவம் தொடர்பானது என்றால் வெளியிடுவதற்குமுன் தடையில்லாச் சான்று பெறச் சொல்லுங்கள் என்றது. அதற்குமுன் எழுந்த சர்ச்சைகளில் ஒன்று, ராணுவ வீரரின் மனைவிக்கு வேறொரு உறவு இருப்பதாகக் காட்டிய இணையத் தொடர். அடுத்த மாதமே 'குஞ்சன் சக்சேனா' படம் வந்தது. விமானப்படையில் ஒரு பெண் அதிகாரி எதிர்கொண்ட பாகுபாட்டைக் காட்டியதற்காக, படையைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று விமானப்படை தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மனைவி வேறொருவரை நாடினால் படைக்கு இழுக்கு. பெண் அதிகாரி கழிவறைக்கும் உடை மாற்றும் இடத்துக்கும் அல்லாடியதைக் காட்டினால் இழுக்கு. ஆண் ஆணைக் காதலித்தால் இழுக்கு. இதில் எல்லைப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? இருப்பது ஒரு குடும்பத் தலைவரின் மீசைதான். பெண்ணின் உடலிலும் மகனின் படுக்கையிலும் குடும்ப மானத்தை ஒளித்து வைப்பவர்கள்தான் காதலித்த பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள். அதே மானம்தான் சீருடை போட்டுக்கொண்டு அமைச்சகத்தின் கடிதத் தாளில் வருகிறது.

நம் படங்களில் வரும் சிப்பாய்

ராணுவ வீரன் காதலிக்கவே கூடாது என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு ஒழுங்காவது இருந்திருக்கும். அப்படியில்லை. நம் ராணுவப் படங்கள் ஓடுவதே காதலில்தான். 'வாரணம் ஆயிரம்' நாயகன் காதலியை இழந்து உடைந்து, பிறகு ராணுவத்துக்குப் போகிறான். 'சீதா ராமம்' முழுக்க ஒரு லெப்டினன்டின் காதல் கடிதங்கள். 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்', மேஜர் முகுந்த் வரதராஜனின் போர்க்கதையை அவர் மனைவியின் நினைவு வழியாகச் சொன்ன காதல் கதை. காரைக்குடித் தியேட்டரில் அந்தப் படத்துக்கு அழுதவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. உயிரைக் கொடுத்த அந்த மனிதர்மீதும் அவர் குடும்பத்தின்மீதும் நமக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் கேட்பது வேறு. மனைவிக்காக ஏங்கும் சிப்பாயைக் காட்டினால் ராணுவம் உயர்கிறது, அதே ஏக்கம் ஒரு ஆணுக்காக என்றால் தாழ்கிறது என்றால், தாழ்வது எது?

இன்னொன்றையும் கவனியுங்கள். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' நாயகன் விமானப்படை விமானி. காதலியை அவமானப்படுத்துகிறான், அடக்கி ஆள்கிறான், அவன் வன்முறைதான் கதையின் முடிச்சே. அந்தப் பாத்திரத்துக்காகப் படத்தை யாரும் தடுக்கவில்லை. 'துப்பாக்கி'யில் விடுமுறைக்கு வந்த ராணுவ வீரன் வழக்கு, விசாரணை எதுவும் இல்லாமல் ஆட்களைக் கொல்கிறான். இஸ்லாமிய அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகுதான் சில காட்சிகள் வெட்டப்பட்டன. அப்போதும் ராணுவத்தின் பெயருக்கு என்ன ஆகும் என்று யாரும் கவலைப்படவில்லை. பெண்ணை அடிக்கலாம், சட்டத்தை மிதிக்கலாம். ஒரு ஆணின் கையைப் பிடிக்கக் கூடாது.

சரி, தன்பாலீர்ப்பாளரைத் தமிழ்ப்படம் காட்டவே இல்லையா? காட்டியது. எங்கே வைத்துக் காட்டியது என்பதுதான் விஷயம். 2006-ல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் தொடர்கொலைகாரர்கள் இருவர். அவர்களைப் பார்த்துக் காவல்துறை நாயகன் 'நீங்கள் அப்படிப்பட்டவர்களா' என்ற பொருளில் கேலி பேசுகிறார். கொலையைவிட அதுதான் பெரிய அசிங்கம் என்பதுபோல. 2016-ல் வந்த 'இருமுகன்' இன்னும் தெளிவானது. ஒரே நடிகர் இரண்டு வேடம். ஒருவர் ரா உளவுப்பிரிவின் கட்டுமஸ்தான அதிகாரி. மற்றவர் நளினமாக நடந்து, குழைந்து பேசும் வில்லன், பெயர் லவ். தேசத்தைக் காக்கும் உடல் ஒரு பெட்டியில், பெண்தன்மையுள்ள ஆண் உடல் இன்னொரு பெட்டியில். ஒரே நடிகரின் உடலையே இரண்டாகக் கிழித்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது.

இந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்பதுதான் எழுதப்படாத விதி. தன்பாலீர்ப்பாளர் வில்லனாக வரலாம், கோமாளியாக வரலாம், நாலு அடி வாங்கிக்கொண்டு சிரிப்பு மூட்டலாம். தேசியக்கொடி போர்த்திய பெட்டிக்குள் மட்டும் வரக் கூடாது. அமைச்சர் மக்களவையில் பதில் சொன்ன அதே மாதம் 'பதாய் தோ' என்ற இந்திப் படம் வெளியானது. அதில் தன்பாலீர்ப்பாளரான ஒரு காவல்துறை அதிகாரிதான் நாயகன். வீட்டாரின் நச்சரிப்பைத் தாங்காமல் அவனும், பெண்ணை விரும்பும் ஒரு பெண்ணும் ஊருக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். தணிக்கை முடிந்து தியேட்டரில் ஓடியது. எந்தக் காவல் நிலையமும் அதனால் இடிந்து விழவில்லை.

இதே பாட்டை முன்பே கேட்டிருக்கிறோம்

நாங்கள் ஏன் இதை ஒரு தலித் உரிமைப் பக்கத்தில் எழுதுகிறோம் என்று கேட்பவர்களுக்கு இனி சொல்கிறோம்.

'ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்களின் ஒழுங்கு குலையும்.' படைகளின் வரலாற்றில் இந்த வாக்கியத்தை முதலில் சந்தித்தவர்கள் நாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெருமளவில் இருந்தார்கள். சென்னைப் படையில், குறிப்பாக சாப்பர்ஸ் என்ற பொறியியல் பிரிவில், பறையர்கள் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளை அதிகாரிகள் 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னைப் படைக்கும் பிறகு மொத்த இந்தியப் படைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்று நம்பியவர். 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. தீண்டத்தகாதவர் பக்கத்தில் நின்றால் மேல்சாதிச் சிப்பாய் முகம் சுளிப்பான், அணி உடையும் என்பதுதான் நியாயம். அப்படிச் சுளித்தவனின் முகத்தைத் திருத்தவில்லை. நம்மை வெளியே அனுப்பினார்கள்.

ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து மனு எழுதினார். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். மூடிய அந்தக் கதவின் முன்னால் வளர்ந்த பிள்ளைதான் அண்ணல். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான், 1941-ல், மகர் ரெஜிமென்ட் நிலையாக வந்தது. அப்படியும் கதை முடியவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவலர் படைக்கு இன்றுவரை ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவினரைத்தான் எடுக்கிறார்கள். உயரமும் தோற்றமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். ராணுவமே நீதிமன்றத்தில் சொன்ன விளக்கம் அது.

நம் மாவட்டத்துக்கே வாருங்கள். கண்டதேவி தேரின் வடத்தை நாம் பிடித்தால் அமைதி கெடும் என்றார்கள். 1998 முதல் வழக்கும் காவலும் தடையுமாக இழுத்து, பல ஆண்டுகள் தேரே ஓடாமல் கிடந்து, 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. அமைதியைக் கெடுப்பவன் யார்? வடத்தில் கை வைப்பவனா, அந்தக் கையைப் பார்த்து அரிவாள் எடுப்பவனா? ராணுவத்தின் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறவர்களிடமும் அதே கேள்விதான். இருவர் காதலிப்பதால் ஒழுங்கு கெடுகிறதா, அதைக் கண்டு கொதிப்பவர்களால் கெடுகிறதா?

அமெரிக்காவில் கறுப்பினச் சிப்பாய்களைத் தனி அணியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கலந்தால் அணி உடையும் என்றார்கள். 1948-ல் ஜனாதிபதி ட்ரூமன் ஆணை போட்டு அந்தப் பிரிவினைக்கு முடிவு கட்டினார். 1993-ல் தன்பாலீர்ப்பாளரைச் சேர்ப்பதா என்ற விவாதம் வந்தபோது, அணி உடையும் என்று மறுபடி சொன்னவர்களில் முதன்மையானவர் முப்படைத் தலைவராக இருந்த காலின் பவல். அவர் ஒரு கறுப்பர். தோலின் நிறமும் இதுவும் ஒன்றல்ல என்றார். 'கேட்காதே, சொல்லாதே' என்ற அரைகுறைச் சட்டம் வந்தது. இருந்துகொள், ஆனால் வாயைத் திறக்காதே என்பது அதன் பொருள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2010-ல், அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று பவலே சொன்னார். 2011-ல் அது ஒழிந்தது.

இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? தனக்குத் திறந்த கதவைப் பின்னால் வருபவனின் முகத்தில் சாத்தும் ஆசை ஒடுக்கப்பட்டவருக்கும் வரும். நமக்கும் வரும். அதனால்தான் பவலின் கதையை நம் தோழர்கள் படிக்க வேண்டும் என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழப்பம் இருப்பதால் இதைத் தெளிவாக வைக்கிறோம். 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவரின் சம்மதமுள்ள உறவு குற்றமல்ல என்று 377-ஆம் பிரிவைச் சுருக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் 377 என்ற பிரிவே இல்லை. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வைத்தது ஒழிந்தது.

ஆனால் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு இருக்கிறது. 'இயற்கைக்கு மாறான' இழிசெயலுக்கு ஏழாண்டுவரை சிறை என்கிறது. அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று 45-ஆம் பிரிவு இருக்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் இரண்டிலும் இல்லை. இயற்கை எது, தகுதி எது என்று மேலே இருப்பவர் முடிவு செய்வார். 2019 ஜனவரியில் தலைமைத் தளபதி பிபின் ராவத் அதைச் செய்தியாளர் கூட்டத்திலேயே முடிவு செய்தார். ராணுவத்தில் இதை ஏற்க முடியாது, ராணுவச் சட்டத்தின்படி நடவடிக்கை தொடரும் என்றார். படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதன் நிழலில்தான் இது நிற்கிறது.

பிரிட்டன் இந்தச் சட்டங்களின் தாய்வீடு. 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2000 ஜனவரியில் அங்கே தடை நீங்கியது. 2023 ஜூலையில் அந்நாட்டுப் பிரதமர் ரிஷி சுனக், படையிலிருந்து துரத்தப்பட்டவர்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எழுதியவனே வெட்கப்பட்டுக் கிழித்துப்போட்டதை நாம் பாரம்பரியம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சீருடைக்குள் இது நடக்காது என்பவர்களுக்குத் தமிழ்நாடே பதில். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, திருநங்கையான பிரித்திகா யாசினி 2017-ல் காவல் உதவி ஆய்வாளரானார். அதே ஆண்டு அக்டோபரில், பாலின மாற்று அறுவை செய்துகொண்ட மாலுமி ஒருவரைக் கடற்படை வேலையைவிட்டு அனுப்பியது. 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தது. விதி எழுதியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. எழுத முடியும் என்பதைச் சொல்கிறோம்.

'இது நம்ம பிரச்சினையா அண்ணே?'

எங்கள் கூட்டங்களில் இதை எடுத்தால் வரும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர்கள் நல்ல பிள்ளைகள். கச்சநத்தம் படுகொலைக்கு நீதி கேட்டு நின்றவர்கள். நமக்கே சோற்றுக்கும் சுடுகாட்டுக்கும் போராட்டம், இது ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவன் பிரச்சினை என்பார்கள். 2023-ல் தன்பாலினத் திருமண வழக்கில் ஒன்றிய அரசும் இதையே சொன்னது. நகர்ப்புற மேட்டுக்குடியின் கருத்து என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. நம் வாயில் வரும் வாக்கியமும் ஒன்றிய அரசின் வாயில் வரும் வாக்கியமும் ஒன்றாக இருந்தால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டாமா?

இளையாத்தங்குடியிலிருந்து கீழச்சிவல்பட்டிப் பக்கம் விடியுமுன் சாலையில் வந்து பாருங்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிப் பழகும் பையன்கள் யார்? அரண்மனைபோன்ற வீடுகளுக்குச் சொந்தக்காரர்களின் பேரன்மார் அல்ல. அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அந்த வீடுகள் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன. ஓடுவது சேரிப் பையன்களும் நிலமில்லாத வீட்டுப் பையன்களும்தான். அவர்களுக்கு ராணுவம் என்பது தேசபக்திக்கு முன்னால் ஒரு சம்பளம். சம்பளத்துக்கும் முன்னால் ஒரு மரியாதை. சீருடையில் ஊருக்கு வந்தால் பெயரைச் சொல்லி 'டேய்' என்று கூப்பிட யோசிப்பார்கள் என்ற நம்பிக்கை. அக்னிபத் வந்தபிறகு அதுவும் நான்கே ஆண்டு, அதற்குமேல் நிரந்தரமாவது நாலில் ஒருவருக்குத்தான்.

அந்த ஓட்டத்தில் ஒருவன் தன்பாலீர்ப்பாளனாக இருக்க மாட்டானா? ஆங்கிலம் பேசும் வீட்டில்தான் இயற்கை அப்படிப் பிறப்பிக்குமா? அவனுடைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊரில் சாதி, வீட்டில் கல்யாணப் பேச்சு, படையில் 46-ஆம் பிரிவு. பணக்கார வீட்டுப் பையனுக்கு பெங்களூர் இருக்கிறது, கனடா இருக்கிறது. நம் பையனுக்கு அந்த நான்கு ஆண்டுச் சம்பளம்தான் இருக்கிறது. பிடிபட்டால் வேலையோடு, குடும்பம் அவன்மேல் கட்டிய மரியாதையும் சேர்ந்து போகும். அவனைப் போல ஒருவனைத் திரையில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால், தான் ஒரு நோயாளி இல்லை என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். மேஜர் ஒருவரின் கதைக்கே சான்று கிடைக்காத நாட்டில், ஒரு சாதாரண சிப்பாயின் கதைக்கு யார் கொடுப்பார்கள்?

அண்ணல் என்ன செய்தார் என்றும் நினைவில் வையுங்கள். பாலியல் கல்வி இதழ் நடத்திய ர. தோ. கார்வே மீது ஆபாச வழக்கு போட்டார்கள். வாசகர்களின் பாலியல் ஐயங்களுக்கு, தன்பாலீர்ப்பு உட்பட, அவர் பதில் எழுதியதுதான் குற்றம். 1934-ல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. ஆனால் பாலியலைப் பற்றி எழுதினாலே ஆபாசம் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வட்டமேசை மாநாடுகளையும் பூனா ஒப்பந்தத்தையும் கடந்து வந்த கையோடு அந்த வழக்கையும் எடுத்தார். 'இது நம்ம பிரச்சினையா' என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

பா. ரஞ்சித் 2022-ல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்தில் அதையே செய்தார். ஆணவக்கொலையைப் பற்றி நாடகம் போடும் குழுவுக்குள் தன்பால் இணையர்களும் ஒரு திருநங்கையும் சரிசமமாக உட்கார்ந்து காதலைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். யாரைக் காதலிக்கலாம் என்று சாதி சொல்லக் கூடாது என்றால், வேறு யாரும் சொல்லக் கூடாது என்பது அந்தப் படத்தின் அடிநாதம்.

ராணுவத்துக்கு விளம்பரப் படமா கேட்கிறோம்?

இடதுசாரித் தோழர்கள் சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள். சிறப்பு அதிகாரச் சட்டத்தின் பாதுகாப்போடு காஷ்மீரில் நிற்கும் படைக்கு வானவில் வண்ணம் பூச நீங்கள் ஏன் துடிக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டி நிற்பவனுக்கும் இடையே வரும் காதல் எவ்வளவு தூரம் காதல் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அமைச்சகம் அதையா கேட்டது? அந்தக் காஷ்மீரி இளைஞனின் பாதுகாப்பைப் பற்றிய அக்கறை அந்தப் பதிலில் எங்கே இருக்கிறது? சிக்கல் அதிகாரச் சமமின்மைதான் என்றால், சீருடைக்காரன் உள்ளூர்ப் பெண்ணைக் காதலிக்கும் எல்லாக் கதைகளையும் அதே அளவுகோலால் அளந்திருக்க வேண்டும்.

நல்ல படங்கள் விளம்பரம் செய்வதில்லை என்பதற்கு இரண்டு உதாரணங்கள் தருகிறோம். தேடிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் 'மோஃபி' 2019-ல் வந்தது. தலைப்பே அங்கே தன்பாலீர்ப்பாளரைத் திட்டும் சொல். நிறவெறி ஆட்சி 1981-ல் வெள்ளைப் பையன்களைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்துப் போவதைக் காட்டுகிறது. தன் ஆசையை மறைத்து மறைத்து வாழும் நாயகனை அடக்கும் அதே பயிற்சிதான் கறுப்பரை மிருகமாகப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறது என்று அந்தப் படம் புரியவைக்கிறது. இயக்குநர் ஆலிவர் ஹெர்மானஸ் வெள்ளையர் அல்ல. இன்னொன்று 2022-ல் வந்த அமெரிக்கப் படம் 'தி இன்ஸ்பெக்‌ஷன்'. இயக்குநர் எலிகன்ஸ் பிராட்டனின் சொந்த வாழ்க்கை. தன்பாலீர்ப்பாளன் என்று தாயால் துரத்தப்பட்டு, வீடில்லாமல் அலைந்த ஒரு கறுப்பின இளைஞன் போக்கிடமில்லாமல் மரீன் படையில் சேர்கிறான். அவன் அங்கே போனது நாட்டுக்காக அல்ல, தங்க ஒரு கூரைக்காக. நம் விடிகாலை ஓட்டக்காரனுக்கு அந்தப் பையன் அண்ணன் முறை.

நாம் கேட்பது அப்படிப்பட்ட கதைகளைத்தான். பதக்கம் வாங்கி, குண்டடிபட்டுச் செத்து, 'பாருங்கள், நானும் நல்லவன்தான்' என்று நிரூபிக்கும் தன்பாலீர்ப்பாளர் நமக்கு வேண்டாம். செத்தால்தான் மரியாதை என்ற அந்த வியாபாரம் நமக்கும் பழக்கம். தலித் பாத்திரம் படத்தின் இடைவேளையில் செத்தால்தான் நாயகனுக்குக் கோபம் வரும் என்று எத்தனை படம் எடுத்தார்கள்? உயிரோடு இருக்கும், கோபப்படும், தப்பும் செய்யும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒரு சிப்பாயைக் காட்டுங்கள். அவனுக்கு ஒரு சாதியும் இருக்கும், அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.

அனுமதி கேட்கும் வழக்கத்தை உடைப்போம்

2020-ல் வந்தது ஒரு கடிதம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. படத்துக்குச் சான்று தருவது 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்கீழ் தணிக்கை வாரியத்தின் வேலை. ராணுவத்தின் முகாமும் டாங்கியும் படப்பிடிப்புக்கு வேண்டுமென்றால் ராணுவத்திடம் கேட்கலாம். ஒரு மனிதன் யாரைக் காதலித்தான் என்று கதை எழுத ராணுவத்திடம் ஏன் கேட்க வேண்டும்?

இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. நமக்குக் கசக்கும் தீர்ப்பு, அதனால்தான் சொல்கிறோம். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படம் இடஒதுக்கீட்டுக்கு எதிரானது. அதைத் தடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு. 1989-ல் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் படத்தை அனுமதித்தது. எதிர்ப்பு வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்றது. நம் உரிமையைத் தாக்கிய படத்துக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம், ஒரு சிப்பாயின் காதலைச் சொல்லும் படத்துக்கு மட்டும் ஏன் கிடையாது?

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள். தடையில்லாச் சான்று கேட்டு எத்தனை திரைக்கதைகள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, என்ன காரணம் என்று பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் 46-ஆம் பிரிவைத் திருத்தும்படி கேள்வி எழுப்பச் சொல்லி எழுதுங்கள். கல்லூரித் திரைப்பட மன்றத்தில் 'மோஃபி'யைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே 'இருமுகன்' காட்சிகளையும் போட்டுப் பேசுங்கள். சிரிப்பவர்களை விரட்டாதீர்கள், ஏன் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். குறும்படம் எடுப்பவர்கள் நம் ஊர்ப் பையனின் கதையை எடுங்கள். டாங்கி தேவையில்லை. ஒரு சாலையும், விடியற்காலையும், ஓடும் இரண்டு பேரும் போதும். அதற்கு எந்த அமைச்சகத்தின் சான்றும் வேண்டாம்.

விடிகாலையில் உங்களோடு ஓடும் நண்பன் ஒருநாள் உங்களிடம் இதைச் சொல்ல வந்தால், அவன் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். ஊருக்குச் சொல்லாதீர்கள். கூடவே ஓடுங்கள்.

ஜெய்பீம்.